செல் சவ்வுக் கடத்தல்: செறிவை மட்டும் பார்த்தால் விடை தவறும்

சவ்வூடு பரவல், அதாவது சவ்வைத் தாண்டி நீர் நகர்வது பற்றிய கணக்குகளில் மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். செறிவு கூடிய பக்கம் நீர் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் அந்தப் பொருள் சவ்வைத் தாண்டுமா என்று கேட்பதில்லை.

இரத்தச் சிவப்பணுக்களை 0.9% உப்புக் கரைசலில் போட்டால் உருவம் மாறாது. லிட்டருக்கு 18 கிராம் யூரியா கரைத்த நீரில், அதாவது 0.3 மோலார் கரைசலில் போட்டால் வெடித்துவிடும். இரண்டிலும் துகள்களின் செறிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் யூரியா சவ்வைத் தாண்டி உள்ளே போகும், நீரும் பின்னாலேயே போகும். உப்பிலுள்ள சோடியம் கசிந்து உள்ளே வந்தாலும் சவ்விலுள்ள பம்புப் புரதம் அதை வெளியே தள்ளிவிடுவதால் வெளியிலேயே நிற்பதாகக் கொள்ளலாம். ஆகவே துகள்களின் மொத்தச் செறிவு சமமாக இருப்பதாலேயே ஒரு கரைசல் ஐசோடானிக் (செல் வீங்கவோ சுருங்கவோ செய்யாத கரைசல்) ஆகிவிடாது.

துகள்களை எண்ணுவதிலும் பிழை வரும். 0.9% உப்பு என்பது சுமார் 0.154 மோலார். அது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிவதால் 0.308 என்று கொள்ள வேண்டும். சர்க்கரை பிரியாது. 0.15 மோலார் உப்புக்குப் பதிலாக 0.15 மோலார் சுக்ரோஸ் போட்டால் செல் வீங்கும்.

தாவர செல்லுக்கு வந்தால் கதை மாறும். தூய நீரில் அது வெடிக்காது, செல் சுவர் தாங்கிக்கொள்ளும். செறிவான கரைசலில் செல் நீரை இழக்கும் பிளாஸ்மா சிதைவில் சுருங்குவது சுவர் அல்ல, உள்ளிருக்கும் புரோட்டோபிளாசம். சுவருக்கும் சவ்வுக்கும் இடையே உண்டாகும் இடைவெளியில் என்ன இருக்கும் என்ற கேள்விக்கு 'காற்று' என்றும் 'வெற்றிடம்' என்றும் விடை எழுதுகிறார்கள். அங்கே இருப்பது வெளிக்கரைசல்தான். சுவர் அதைத் தடுப்பதில்லை.

உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள கரைசல்களில் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடை பார்க்கும் சோதனையில் துண்டுகளைத் தோலில்லாமல் ஒரே அளவில் வெட்டுங்கள். எடை போடுமுன் இரண்டு முறையும் ஒரே மாதிரி ஒற்றி எடுங்கள். மேலே ஒட்டிய ஈரமே முடிவைக் கெடுத்துவிடும். எடை மாற்றத்தைக் கிராமில் ஒப்பிட வேண்டாம், தொடக்க எடையின் சதவீதமாகப் போடுங்கள். செறிவுக்கு எதிரே எடை மாற்றத்தைக் குறித்த வரைகோடு பூச்சியத்தை வெட்டும் இடத்தில் நீர் நகரவே இல்லை என்று எழுதினால் தவறு. உள்ளே போவதும் வெளியே வருவதும் சமம், அவ்வளவுதான்.

அடுத்தது ஆற்றல். புரதம் வழியே போனாலே ஆற்றல் செலவாகும் செயல்மிகு கடத்தல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் கடத்துப் புரதம் வழியாகவே போகிறது, ஆனால் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் செறிவுச் சரிவில் இறங்கித்தான், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. செலவில்லை. நீருக்கான புரதக் கால்வாயான அக்குவாபோரினும் அப்படியே. பீட்டர் ஆகர் 2003-இல் நோபல் பரிசு பெற்றது இந்தக் கால்வாயைக் கண்டறிந்ததற்காக. அதற்காக, கால்வாய் இல்லாவிட்டால் நீர் அறவே கடக்காது என்று எழுதிவிடாதீர்கள். சவ்வின் லிப்பிடு (கொழுப்பு) அடுக்கின் வழியாகவும் மெதுவாகக் கடக்கும். ஆனால் முன்பு சொன்ன பம்புக்கு, அதாவது சோடியம்-பொட்டாசியம் பம்புக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. தேவை: 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. எண்களை மாற்றிப் போடுவது மிகப் பழைய தவறு.

சவ்வின் படம் வரைகையில் அதன் கொழுப்பு மூலக்கூறான பாஸ்போலிப்பிடுக்கு இரண்டு வால்கள், இரு அடுக்கு வால்களும் உள்நோக்கி. சர்க்கரைச் சங்கிலிகள் வெளிப்பக்கத்தில் மட்டும். இரு பக்கமும் வரைந்தால் தவறு.

குடலில் குளுக்கோஸ் சோடியத்துடன் சேர்ந்து செல்லுக்குள் ஏறுகிறது. அந்தப் புரதம் தானாக ஏ.டி.பி. செலவழிப்பதில்லை, செல்லின் மறுபக்கம் பம்பு சோடியத்தை வெளியேற்றி உண்டாக்கிய சரிவையே பயன்படுத்துகிறது. நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 முறைப்படி லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். எல்லாத் துகள்களும் சேர்த்து 245 மில்லிமோல். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் இது நான்கைந்து மடங்காகும். அப்போது குடல் நீரை உறிஞ்சாது. உடலிலிருந்து நீர் குடலுக்குள் வரும், வயிற்றுப்போக்கு கூடும்.