நெல்லையிலிருந்து பந்தயத் தளத்துக்கு: செமி ஸ்லிக் டயரைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தார்த் தளத்தில் நேரப் போட்டி (ஒரு சுற்றை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று பார்க்கும் போட்டி) ஓட்ட விரும்புபவர், கோவை அருகே செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டரோ, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயத் தளத்துக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டரோ போக வேண்டும். ஆகவே எந்த டயர் வேகமானது என்று கேட்பதற்கு முன், அந்த டயர் காரில் மாட்டப்பட்டே நான்குவழிச் சாலையில் ஓடிப் போகுமா, அல்லது தனி ரிம்மில் மாட்டி, பின் இருக்கையை மடக்கி ஏற்றிக்கொண்டு போகப்படுமா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். போட்டி மண் தரையில் நடக்கும் ஆட்டோகிராஸ் என்றால் செமி ஸ்லிக் டயரே வேண்டாம்.

செமி ஸ்லிக் டயரில் நீர் வடியும் பள்ளங்கள் குறைவு. தரையைத் தொடும் மென்மையான ரப்பர் அதிகம். பக்கச்சுவரும் விறைப்பாக இருக்கும். காய்ந்த தளத்தில் அதன் பிடிப்புக்குக் காரணமான இதே அமைப்புத்தான் தேங்கிய நீரில் டயரைத் தரையிலிருந்து எழுப்பி மிதக்கவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ, தென்காசிப் பக்கம் சாரல் பிடித்திருக்கும் ஆடி மாதத்திலோ பாதி தேய்ந்த செமி ஸ்லிக்குடன் நெடுஞ்சாலையில் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்றாலும், மழைக்கு அது போதாது.

கடையில் முதலில் பக்கச்சுவரைப் படியுங்கள். இந்தியாவில் விற்கப்படும் கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், வெளிநாட்டு முத்திரை மட்டும் உள்ளதை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒதுக்கிவிடுவது நல்லது. அடுத்து, பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மென்மையான ரப்பர் வயதாக ஆக இறுகுவதால், பள்ளம் புதிதாகத் தெரிந்தாலும் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த சரக்குக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் ட்ரெட்வேர் எண்ணைப் (எண் குறைந்தால் சீக்கிரம் தேயும்) பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். யோகோஹாமா அட்வான் ஏ052இன் எண் 200, டோயோ ஆர்888ஆரின் எண் 100. ஆனால் அந்த எண்ணை வழங்குவது அந்தந்த நிறுவனமே என்பதால், வேறு வேறு நிறுவனங்களின் டயர்களை அதை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. நேரப் போட்டியில் ஓடுவது ஓரிரு சுற்றுகள்தான். எனவே சீக்கிரம் சூடேறிப் பிடிக்கும் டயரே வேண்டும், நெடுநேரம் தாங்குவது இங்கே இரண்டாம்பட்சம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் நம் தார்த் தளம் 50 டிகிரியைத் தாண்டிவிடுவதால், அவர்கள் "சூடேறத் தாமதமாகிறது" என்று குறை சொல்லும் டயர் இங்கே பொருந்தலாம். அவர்கள் மெச்சும் டயர் இரண்டாம் சுற்றிலேயே வழுக்கத் தொடங்கலாம். காரிலேயே மாட்டிக்கொண்டு போகிறவருக்கு 200 எண் கொண்ட வகையும், தனி ரிம் வைத்திருப்பவருக்கு அதற்குக் கீழுள்ள வகையும் ஏற்றவை என்பது என் கருத்து. வாங்குமுன் போட்டி விதிகள் எந்த வகையை அனுமதிக்கின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அளவு இன்னொரு சிக்கல். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 185/65 ஆர்15 டயரில் ஓடும் சிறிய காருக்கு, செமி ஸ்லிக்கில் பரவலாகக் கிடைக்கும் 195/50 ஆர்15ஐ மாட்டினால், விட்டம் 621 மில்லிமீட்டரிலிருந்து 576 ஆகக் குறைகிறது. முடுக்கம் சற்றுக் கூடும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட ஏறத்தாழ 8 சதவீதம் அதிகமாகக் காட்டும். கார் 23 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். நம் ஊர் வேகத்தடைகளின் உயரத்தை அறிந்தவர் இதைச் சிறிய விஷயமாக நினைக்க மாட்டார். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் பளு எண்ணும் 88இலிருந்து 82ஆக, அதாவது டயருக்கு 560 கிலோவிலிருந்து 475 கிலோவாக இறங்கக்கூடும். கார் நிறுவனம் குறிப்பிட்ட பளு எண்ணுக்கும் வேகக் குறியீட்டுக்கும் (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) கீழே போகாதீர்கள். பொருத்தமான அளவு கிடைக்காவிட்டால் ஒரு நல்ல கோடைக்காலச் சாலை டயரோடு நின்றுவிடலாம். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்: முன்னால் மட்டும் செமி ஸ்லிக் போட்டால், வளைவில் காரின் பின்புறம் வெளியே வீசும்.

காற்றை அதிகாலையில், நிழலில், குளிர்ந்த டயரில் அளவிடுங்கள். 10 டிகிரி சூடு கூடினால் 1 முதல் 1.5 பி.எஸ்.ஐ. வரை ஏறும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். அப்படி இறக்கிய டயர் மாலையில் ஆறியதும் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். நெடுஞ்சாலையில் ஏறுமுன் கதவோரத்தில் எழுதியுள்ள அளவுக்கு நிரப்புவது கட்டாயம். பக்கச்சுவரின் மேல்விளிம்பில் சாக்பீஸால் கோடு இழுத்து வைத்தால், ஓட்டத்துக்குப் பின் அது எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதைக் கொண்டு டயர் எவ்வளவு மடிகிறது என்று தெரியும்.

முன்சக்கர இயக்கக் கார்களில் முன் டயர்களின் வெளித்தோள்தான் (தரையைத் தொடும் பரப்பின் வெளி ஓரம்) முதலில் தேயும். உள்புறம், வெளிப்புறம் என்று குறிக்கப்படாத டயரைக் கழற்றி, ரிம்மில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சுழலும் திசை அம்புக்குறியால் காட்டப்பட்டிருந்தால், திருப்பியதை மறுபக்கச் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும்.