பெட்டிக்குள் ஆச்சி இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடி. மூன்று கல்லூரிப் பையன்கள் தாங்கள் செய்த பலகை விளையாட்டை விரித்து வைத்திருந்தார்கள். நாலு பேர் விளையாட, செய்தவன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இல்ல, இல்ல, அந்தச் சீட்ட இப்பம் போடக்கூடாது" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி, எல்லாருக்கும் புடிச்சிருக்கு. அடுத்த மாசம் அச்சுக்குக் குடுத்துருவோம்."

எனக்கு அடிவயிறு கலங்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரித்தான் நின்றேன்.

எழுத்துப்பிழை, வெட்டும் ஓரத்துக்கு இடம் விடாமல் படம் வைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் அச்சகத்துக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததைத்தான் எழுதுகிறேன்.

பக்கத்தில் நின்றுகொண்டு சோதிப்பது

நம் ஊரில் விளையாட்டு எதுவும் புத்தகம் படித்து வந்ததில்லை. பல்லாங்குழியை எனக்கு ஆச்சிதான் சொல்லித் தந்தாள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியமுத்து, ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டில் குழிக்கு ஆறு முத்து போட்டு ஆடினார்கள். சண்டை வந்தால் ஆச்சி சொல்வதுதான் தீர்ப்பு. தாயமும் ஆடு புலி ஆட்டமும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருப்பார். காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் ஆச்சி இல்லை. எட்டுப் பக்க விதிப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.

இது எனக்குப் புரிய 500 பெட்டி ஆனது.

நெல்லையப்பர் ஆனித் தேரை வைத்து ஒரு விளையாட்டு செய்திருந்தேன். தேர் நாலு ரத வீதியும் சுற்றி நிலைக்கு வர வேண்டும். வடச் சீட்டு போட்டால் நகரும், முட்டுக்கட்டைச் சீட்டு போட்டால் நிற்கும். தேர் போகும் திசையிலேயே முறையும் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போகும். விதியில் ஒரு வரி: "உங்கள் முறை முடிந்ததும் ஒரு வடச் சீட்டை வலமாகக் கொடுக்கவும்." அடுத்து இழுக்க வேண்டியவர் கைக்கு வடம் போகும் என்பதுதான் கணக்கு. முப்பது நாற்பது தடவை ஆடிப் பார்த்தோம். ஒரு சிக்கலும் இல்லை.

பெட்டி விற்க ஆரம்பித்த மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "தேர் முதல் திருப்பத்துலயே நிக்குங்க, நகரவே மாட்டேங்குது."

அவர்கள் சீட்டை வலது கைப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 'வலமாக' என்றால் வேறு என்ன? திருநெல்வேலி டவுனில் வளர்ந்த எனக்கு வலம் என்றால் கோயிலை வலம் வரும் திசை. சந்தேகமிருந்தால் ஒரு மேசையை வலம் வந்து பாருங்கள். மேசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடமிருந்து நீங்கள் அவருடைய இடது கைப்பக்கம் இருப்பவரிடம்தான் போவீர்கள். ஒரே சொல், நேரெதிர் இரண்டு திசை. நான் எழுதியதும் தப்பில்லை, அவர்கள் படித்ததும் தப்பில்லை. ஆனால் வடச் சீட்டெல்லாம் இழுக்க வேண்டியவருக்குப் போகாமல், இழுத்து முடித்தவருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அத்தனை தடவை ஆடியும் ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு தடவையும் நான் அங்கே இருந்தேன். முதல் சீட்டை யாராவது எடுத்ததுமே, "இப்படிக் குடுங்க" என்று என் கை நீண்டுவிடும். விதிப் புத்தகத்தை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த பெட்டிகளின் பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கிழித்து, அம்புக்குறி போட்ட திருத்தச் சீட்டு ஒன்றை உள்ளே வைத்து, மறுபடி உறை போட்டோம். நானும் மைனியும் இரண்டு பிள்ளைகளும் நாலு ராத்திரி உட்கார்ந்தோம். கடைக்குப் போய்விட்ட 140 பெட்டியை ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் இன்னும் அந்தத் தேர் திருப்பத்தில் நிற்கிறது என்று நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? உங்களைத் தெரியாதவர்கள் கையில் பெட்டியைக் கொடுங்கள். செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்காதீர்கள். பிறகு வீடியோவைப் போட்டு, எந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கோளாறு அந்தப் பக்கத்தில்தான். சிரித்தார்களா, பிடித்ததா என்பதெல்லாம் அப்புறம். மூன்று வீடாவது இப்படிப் போக வேண்டும். திசையைச் சொல்லால் எழுதாமல் படமாகப் போடுங்கள்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருப்பார். விதி எழுதும்போது அதை மறந்துவிடுங்கள். நான் ஒரே பொருளை ஓரிடத்தில் சீட்டு, ஓரிடத்தில் அட்டை, ஓரிடத்தில் கார்டு என்று எழுதி வைத்தேன். ஒரு பாட்டையா மூன்றும் வேறு வேறு என்று நினைத்து, அட்டையைக் காணோம் என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று மூடி வைப்பது

விளையாடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. நீங்கள் எழுதிய விதியின் வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும்தான் உண்டு. அதனால் பயப்பட வேண்டியது திருடனுக்கு இல்லை, விளையாட்டை வெளியிடும் நிறுவனத்துக்கு நீங்களே போட்டுக் கொடுக்கும் கையெழுத்துக்கு. 1904இல் லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண் நிலம் வாங்கி வாடகை வசூலிக்கும் விளையாட்டு ஒன்றுக்குக் காப்புரிமை (பேடன்ட்) வாங்கினார். மோனோபோலிக்கு மூலம் அதுதான். அதைத் திருத்தி 1924இல் இன்னொரு காப்புரிமையும் வாங்கினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அந்த இரண்டாவது காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. ராயல்டி இல்லை.

நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் அந்த அளவுக்கு மோசமில்லை. உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்ற முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை உரிமை உங்களிடமே திரும்பும். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பேனாவை மூடிவிட்டு, அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ராயல்டி எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்பது

எந்தத் தொகையில் என்று கேளுங்கள். பெட்டி மேல் போட்ட விலையா, கடைக்காரர் கழிவு போக நிறுவனத்தின் கைக்கு வந்ததா?

சீட்டின் எண்ணிக்கையை மனம் போனபடி வைப்பது

நான் கொடுக்கும் சிவகாசி அச்சகத்தில் ஒரு ஷீட்டுக்கு 18 சீட்டு. 54 என்றால் மூன்று ஷீட். ஒருமுறை 56 வைத்தேன். அந்த இரண்டு சீட்டுக்காக நாலாவது ஷீட் ஓடியது.

அல்வா, அரிவாள்

நம் ஊரை வைத்து விளையாட்டு என்றாலே இந்த இரண்டும்தான். போதும் அய்யா.

முதல் பெட்டி விற்றதும் வேலையை விடுவது

'கேட்டான்' (Catan) என்ற ஜெர்மன் பலகை விளையாட்டு 1995இல் வந்து பரிசெல்லாம் வாங்கிய பிறகும், அதைச் செய்த கிளவுஸ் டாய்பர் சில வருடம் செயற்கைப் பல் செய்யும் தொழிலை விடவில்லை. நான் இன்றும் பாடப்புத்தக வேலை, மொழிபெயர்ப்பு என்று எது வந்தாலும் எடுக்கிறேன். பாதித் தொகை முன்பணம் வராமல் ஒரு வரி எழுதுவதில்லை.

நேற்று அந்தப் பையன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி தெரு முக்குப் பெட்டிக்கடைக்காரர் வீட்ல குடுத்துட்டேன். அர மணி நேரமா மூணாம் பக்கத்துலயே நிக்காவ."

"நீ எங்கல நிக்க?"

"சன்னல்கிட்ட."

"வீட்டுக்குப் போல."