ஊரில் நாடகக் குழு தொடங்கணுமா?

குடியாத்தம், ஆரணி மாதிரி ஊரில் லாப நோக்கமில்லாத நாடகக் குழு தொடங்க நினைப்பவர்கள் மேடையைத் தேடும் முன் ஏழு பேரைத் தேடுங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிய அத்தனை பேராவது வேண்டும். பதிந்ததும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. நன்கொடை, டிக்கெட் காசு எல்லாம் அதில்தான்.

அப்புறம் நாள் பார்ப்பது. பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும், ஊரே அங்கேதான் இருக்கும். அப்போது நீங்கள் நாடகம் போடாதீர்கள், குழுவில் நடிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வேடம் கட்டும் இடத்தில் உட்காரவையுங்கள். கையகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து, பாதி முகத்தில் மட்டும் அரிதாரம் பூசிய ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சடக்கிப் புருவம் வரைவதைப் பார்த்த பிள்ளைக்கு, நடிப்பில் கவனம் என்றால் என்னவென்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை பயிற்சியில், கூத்தில் கதையை எடுத்துச் சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் போலத் தெருச் செய்தியைச் சொல்லச் சொல்லுங்கள். கூத்துக் கலைஞரை அழைத்தால் சம்பளம் கொடுத்தே ஆகணும். சேவை என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவது தப்பு.

வேலூர் வெயிலுக்கு ஒத்திகை ஆறு மணிக்கு மேல்தான். கடைசி வரிசையில் ஒரு பாட்டியை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் காதில் விழவில்லை என்றால், மைக் தேடும் முன் பிள்ளைகளை வாய்திறந்து பேசவையுங்கள்.