போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பழைய வீட்டுப் பரணைக் கிளறினால் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டப்பா அகப்படும். உள்ளே ரிப்பன் நைந்துபோன இரண்டு மூன்று பதக்கங்கள், ஓரம் மடங்கிய தபால் அட்டைப் படம், சில வீடுகளில், போரில் இறந்தவரின் நினைவாகக் கொடுத்த, 12 சென்டிமீட்டர் அகலத்தில் கனமான வெண்கலத் தட்டு. போர் நினைவு நாளான நவம்பர் 11 நெருங்கும்போது அந்த டப்பா கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் “உங்கள் குடும்பத்தில் போருக்குப் போனவர் யார்?” என்று எழுதி வரச் சொல்வார்கள். ஆங்கிலேயக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்ட நம்மவர் வீடுகளுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதனால்தான் தமிழில் எழுதிவைக்கிறேன்.

இந்தத் தேடலில் நடக்கும் தவறுகள் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. கதை முதலிலேயே முடிவாகிவிடுகிறது, ஆளைப் பிறகு அதற்குள் திணிக்கிறார்கள். வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தார், விஷவாயுவில் மாட்டினார், பட்டாலியனில் அவர் ஒருவர்தான் மிஞ்சினார், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைக்கவேண்டியது, மேலதிகாரி கெடுத்துவிட்டார். இந்த நான்கில் ஒன்றாவது இல்லாத ஆங்கிலேயக் குடும்பத்தைக் காண்பது கஷ்டம். இப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிட்னி லூயிஸ் என்ற லண்டன் பையன் 1915-இல் 12 வயதில் சேர்ந்து, மறு வருஷம் 13 வயதில் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் நின்றான். அம்மா பிறப்புச் சான்றிதழை அனுப்பித்தான் அவனை மீட்டார். அவன் கதையை இன்று எல்லோரும் நம்புவதற்குக் காரணம் அந்தக் காகிதங்கள்தான்.

பதக்கத்தைத் தப்பாகப் படிப்பது

முதல் உலகப்போர்க் காலத்துப் பதக்கங்கள் மூன்று சேர்ந்து இருந்தால் வீட்டார் “மூன்று வீரப் பதக்கம் வாங்கினவர்” என்பார்கள். அவை வீரத்துக்குக் கொடுத்தவை அல்ல. வெண்கல நட்சத்திரம், வெள்ளியில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வானவில் ரிப்பனோடு வெற்றிப் பதக்கம். பத்திரிகையில் வந்த சித்திரத் தொடரின் நாய், பென்குயின், முயல் பெயரால் இந்த மூன்றையும் ‘பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட்’ என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். அந்த வெள்ளிப் பதக்கம் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது.

ஆனால் இந்தச் சாதாரணப் பதக்கங்கள் சொல்லும் தகவல் கொஞ்சநஞ்சமல்ல. டப்பாவில் வெள்ளியும் வெற்றிப் பதக்கமும் மட்டும் இருக்கின்றன, நட்சத்திரம் இல்லை, தொலைந்ததாகவும் பதிவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மனிதர் 1915 முடிவதற்குள் போர்க்களத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். அப்படியானால் 1915 செப்டம்பரில் நடந்த லூஸ் சண்டையில் அவர் குண்டடி பட்டார் என்ற வீட்டுக் கதை நிற்காது. ஒரு பதக்கமும் இல்லையென்றால் ஓடிப்போனவர் என்று சந்தேகிக்கவும் வேண்டாம். ராணுவத்தில் இருந்தும் கடல் கடக்காமல் உள்நாட்டிலேயே காவலும் பயிற்சியும் பார்த்தவர்களுக்கு இந்தப் பதக்கங்கள் கிடையாது.

பெயர், எண், பதவி, ரெஜிமென்ட் ஆகியவை வட்டப் பதக்கங்களின் விளிம்பிலும் நட்சத்திரத்தின் பின்பக்கத்திலும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல நாளும் அதுவுமாகப் பதக்கம் மங்கலாக இருக்கலாமா என்று குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல் பாலிஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. வருஷா வருஷம் தேய்த்தால் விளிம்பில் உள்ள எழுத்து அழியும். எழுத்து போனால் அது யாருடைய பதக்கம் என்றே சொல்ல முடியாது. மென்மையான உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். ஒரே டப்பாவில் அண்ணன் தம்பி இருவரின் பதக்கங்கள் கலந்து கிடப்பதும் சகஜம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் வேறு விதம். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்தவற்றில் பெயரே பொறிக்கவில்லை. சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வந்தன. அந்தப் பெட்டியின் மேலுள்ள முகவரியும் உள்ளே உள்ள துண்டுச் சீட்டும்தான் சாட்சி. குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அதே போரில் இந்திய ராணுவத்தவருக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் பொறித்திருக்கும். “வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தார்” என்று நம் ஊர்த் தாத்தாவைப் பற்றிச் சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அவர் இருந்தது பெரும்பாலும் இந்திய ராணுவம். பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் அவரைத் தேடிப் பயனில்லை.

அதே பெயரில் இன்னொருவர்

என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஜான் டெய்லர் என்று தேடினால் இணையத்தில் நூற்றுக்கணக்கில் வரும். அதில் ஒருவர் பக்கத்து ஊர், வயதும் ஒத்துப்போகிறது, சரி இவர்தான் என்று குடும்ப மரத்தில் ஒட்டிவிடுவார்கள். அதை ஒன்றுவிட்ட அத்தை பிள்ளை பார்த்து நகலெடுப்பார், அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். அப்புறம் அதுவே சரித்திரம்.

இதற்குத் தோதான காரணம் ஒன்று இருக்கிறது. 1940 செப்டம்பரில் லண்டன் வால்வொர்த் பகுதியில், ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர்த்துறைக் கிடங்கு ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்தது. முதல் போரில் இருந்த சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் ஏறக்குறைய 60 சதவீதம் அதில் போயின. தப்பியவையும் கருகியவை, தண்ணீரில் ஊறியவை. லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றுக்கு ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே பெயர். ஆகவே உங்கள் ஆளின் கோப்பு இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். அது இல்லை என்றதும் கிடைத்த இன்னொருவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எண்ணை வைத்துப் பிடிக்கலாம் என்றாலும் ஜாக்கிரதை தேவை. ராணுவம் முழுமைக்கும் பொதுவான எண் 1920-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ரெஜிமென்டும், சில சமயம் அதன் உட்பிரிவான ஒவ்வொரு பட்டாலியனும், தன்பாட்டுக்கு எண் கொடுத்தது. 2417 என்ற எண்ணோடு பல பேர் இருந்திருப்பார்கள். ஒரே ஆள் படைப்பிரிவு மாறினால் எண்ணும் மாறியது. பிராந்தியப் படையினருக்கு (பகுதிநேரத் தன்னார்வப் படை) 1917 தொடக்கத்தில் புது எண்கள், பெரும்பாலும் ஆறு இலக்கத்தில், வந்தன. எண், பெயர், ரெஜிமென்ட் மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

வீட்டையும் ஆளையும் இணைக்கும் காகிதம்தான் வேண்டும். அதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. 1918-இல் வெளியூர்ப் பணியில் இருந்த வாக்காளர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். வீட்டு முகவரிக்கு நேராக அவரது எண்ணும் படைப்பிரிவும் இருக்கும். படையில் இருந்தவர்களுக்கு 19 வயதிலேயே ஓட்டு கொடுத்ததால் இளவட்டங்களும் அதில் இருப்பார்கள். எல்லா ஊர்ப் பட்டியலும் மிஞ்சவில்லை, ஆனாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இறந்தவர்களின் கணக்கைத் தீர்த்த பதிவேடு. ஒவ்வொரு வரியும் ஒரு சிப்பாய். பெயர், எண், இறந்த தேதி, பாக்கிச் சம்பளம், போர்ப் பணிக்கொடை, கடைசியில் பணம் வாங்கியவர் பெயரும் உறவும். உங்கள் பாட்டியின் பெயர் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்தால் ஆள் அவர்தான். பணிக்கொடைத் தொகை எத்தனை மாதம் பணியில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. ஆகவே அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அவர் சேர்ந்த மாதத்தையே ஏறக்குறைய பிடித்துவிடலாம்.

எல்லோரும் சோமில் இருக்கவில்லை

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர், காயப்பட்டவர், காணாமல்போனவர் எல்லாம் சேர்த்து 57,470 பேர், அதில் 19,240 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளில் தம் கொள்ளுத்தாத்தாவும் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ரெஜிமென்ட் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று முடிவுகட்டுவதுதான் பிசகு. நார்தம்பர்லாந்து ஃபியூசிலியர்ஸ் ரெஜிமென்டில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட பட்டாலியன்கள் இருந்தன. எந்தப் பட்டாலியன், எந்தத் தேதியில் அதில் சேர்ந்தார் என்பது தெரியாமல் இடம் சொல்ல முடியாது.

பட்டாலியன் தெரிந்தால் அதன் போர் நாட்குறிப்பைப் படிக்கலாம். அதில் அவர் பெயரை எதிர்பார்க்காதீர்கள். அதிகாரிகளுக்குத்தான் பெயர், சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. வானிலை நன்று, பதுங்குகுழி வெட்ட ஆள் அனுப்பினோம், சிப்பாய்கள் இருவர் காயம் என்ற மாதிரி இரண்டு வரியில் ஒரு நாள் முடிந்துவிடும். அதைப் படித்துச் சலித்துப்போய்ப் பெரிய சண்டை நடந்த பக்கத்துக்குத் தாவுகிறோம். அவர் வாழ்ந்ததோ அந்தச் சலிப்பான பக்கங்களில்.

கல்லில் பெயர் இருந்தால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் வரவில்லை என்று பதறுபவர்கள் உண்டு. அது இறந்தவர்களுக்கான பட்டியல். உயிரோடு திரும்பி 1960-இல் கண்ணை மூடியவர் அதில் இருக்க மாட்டார். போர் முடிந்த பிறகு போர்க்காயத்தாலோ நோயாலோ இறந்தவர் இருக்கலாம், ஏனென்றால் முதல் போருக்கான கணக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை நீள்கிறது.

அடுத்த குழப்பம் கல்லறைக்கும் நினைவுச்சின்னத்துக்கும். பிரான்ஸில் தியெப்வால் நினைவுச்சின்னத்தில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவர்கள் அங்கே புதைக்கப்பட்டவர்கள் அல்லர், கல்லறை எதுவென்று தெரியாதவர்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் இதுபோல ஒன்று உண்டு. இரண்டாம் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு நடுவே முதல் போருக்கான நினைவுச்சின்னமும் இருக்கிறது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். இந்தியாவின் பல ஊர்களில், பராமரிக்க முடியாத கல்லறைத் தோட்டங்களில் கிடப்பவர்கள் அவர்கள். இங்கிலாந்திலிருந்து பூங்கொத்தோடு வருகிறவர், கொள்ளுத்தாத்தா உண்மையில் எந்த ஊரில் புதைக்கப்பட்டார் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது.

இந்தியாவுக்கு வந்தவர்கள் என்றாலே குடும்பத்துக்குள் ஒரு இளக்காரம் வேறு. 1914 கடைசியில் பிராந்தியப் படையின் பட்டாலியன்கள் பலவற்றை, நிரந்தரப் படையை விடுவிப்பதற்காக, இங்கே அனுப்பினார்கள். “பிரான்ஸ் போகாமல் தப்பித்தார்” என்று அவர்களைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குண்டு இல்லாத இடத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருந்தன.

கல்லறைக் கல்லின் அடியில் குடும்பத்தார் சொன்ன வாசகம் இருக்கும். இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்கு மேல் கூடாது. எழுத்துக்கு மூன்றரைப் பென்னி வீதம் கேட்டார்கள், பிறகு அதை விருப்பம்போலத் தரலாம் என்று தளர்த்தினார்கள். வாசகம் இல்லாத கல்லைப் பார்த்து “யாரும் இவரைக் கண்டுகொள்ளவில்லைபோல” என்று எழுதுவது பெரிய அநியாயம். கையில் காசில்லாமல் இருந்திருக்கலாம், வீடு மாறியதால் கடிதம் சேராமல் போயிருக்கலாம்.

மறைப்பதும் மெழுகுவதும்

கோப்பு கிடைத்துவிட்டது, திறந்தால் உள்ளே தண்டனைப் பட்டியல். விடுப்பு முடிந்து தாமதமாக வந்தார், சம்பளம் பிடித்தார்கள். பால்வினை நோய்க்கு மருத்துவமனையில் இருந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுக்காமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். இருபது வயதுப் பையன் என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். முதல் போரில் போர்க்களத்தை விட்டு ஓடியதாகவும் கோழைத்தனம் காட்டியதாகவும் சுட்டுக்கொல்லப்பட்ட 306 சிப்பாய்களுக்கு 2006-இல் சட்டப்படி மன்னிப்பு வழங்கப்பட்டது. தொண்ணூறு வருஷம் அந்தக் குடும்பங்கள் வாயைத் திறக்க முடியாமல் இருந்தன. ஊர் நினைவுச்சின்னத்தில் பெயர் சேர்க்கவே பல இடங்களில் மறுத்தார்கள்.

வாய் திறக்காத இன்னொரு கூட்டம், ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவர்களில் பலர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். 1945-இல் விடுதலையானபோது, பட்டதை வெளியே பேச வேண்டாம் என்று துண்டறிக்கையே கொடுத்தார்கள். தாத்தா பேசாததைக் குற்ற உணர்ச்சி என்றோ, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றோ பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொள்வது தவறு. விடுதலையான கையோடு அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள்கள் கியூவில் இருக்கின்றன. வீட்டில் சொல்லாததைச் சிலர் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த ரயில் பாதையோரம் தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனபுரி கல்லறைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொண்டு போகலாம். வெட்டிச் சமன்செய்த அந்த வரிசைகளில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக இறந்தார்கள். அவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு பெயர்க்கல் கிடையாது.

படமும் பதக்கமும், நவம்பருக்கு முன்

படத்தில் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், முன்கையைப் பாருங்கள். இடது கையில் நெட்டுக்குத்தாகச் சின்னக் கோடு இருந்தால் அது காயப்பட்டதற்கான அடையாளம், ஒரு முறைக்கு ஒரு கோடு. அது வந்ததே 1916-இல்தான். வலது முன்கையில் கூரைபோல் கவிழ்ந்த சிறு பட்டைகள் வெளிநாட்டுப் பணிக்கானவை, 1918-இல் வந்தவை. இவை இருந்தால் படம் எடுத்த காலம் தெரிந்துவிடும். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பெயர் எழுதுவதானால் பென்சிலால் லேசாக. லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் போர்க் கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து 2022 முதல் கியூவுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. எங்கே விண்ணப்பிப்பது என்று பழைய வழிகாட்டியைப் பார்த்து முடிவுசெய்யாமல் காப்பகத்தின் தளத்தில் பாருங்கள். கையில் பிறந்த தேதி இருந்தால் பாதி வேலை மிச்சம்.

நினைவு நாள் அணிவகுப்பில் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தாவின் பதக்கத்தைக் குத்திவிடுவதானால் வலது மார்பில் குத்துங்கள். இடது மார்பு அதைத் தானே வாங்கினவருக்கு உரியது. இடப்புறம் குத்தி வந்தால் வரிசையில் நிற்கும் பழைய சிப்பாய் யாராவது திருத்திச் சொல்வார், பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான்.