கேம் சலித்துப்போனால் முதலில் எதை அன்இன்ஸ்டால் செய்வது?

இரவு பத்தரைக்கு உட்கார்ந்தேன். லைப்ரரியில் 214 கேம்கள். மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டினேன், கீழிருந்து மேலே ஒருமுறை. ஒன்றைத் திறந்து, ஆரம்ப லோகோக்கள் ஓடி முடிவதற்குள் மூடினேன். இன்னொன்றில் பழைய சேவ் ஃபைல் இருந்தது. உள்ளே போனால் எந்தப் பட்டன் எதற்கு என்பதே மறந்துபோயிருந்தது. மூன்றாவதாக ஒன்றை டவுன்லோடு போட்டேன், 60 ஜிபி. அது இறங்கும்வரை யாரோ ஒருவர் அதே கேமை ஆடுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு டவுன்லோடு முடிந்தது. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

ஏறக்குறைய ஐந்து மாதம் என் இரவுகள் இப்படித்தான் போயின. பன்னிரண்டு வயதில் கண்ட்ரோலரைப் பிடித்தவன், இப்போது முப்பத்தாறு. இடையில் ஒரு ஆன்லைன் கேமில் நாற்பது பேர் கொண்ட கில்டுக்கு, அதாவது சேர்ந்து ஆடும் குழுவுக்கு, மூன்று வருடம் தலைவனாக வேறு இருந்தேன். நான் உளவியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் குழியில் விழுந்து, தப்புத்தப்பாக ஏறப் பார்த்து, கடைசியில் எப்படியோ மேலே வந்தவன். அதே குழியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கேம் மட்டும்தான் கசக்கிறதா, எல்லாமே கசக்கிறதா? பாட்டு, சாப்பாடு, நண்பர்கள் என்று எதிலுமே ருசியில்லாமல், நாளின் பெரும்பகுதி அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், என் கட்டுரை உதவாது. இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. சந்தோஷமே இல்லை, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வேலை, படிப்பு, உறவு எல்லாம் அடிவாங்கியும் ஆட்டம் தொடர்கிறது என்கிற நிலை. உலக சுகாதார நிறுவனம் இதை ‘கேமிங் கோளாறு’ என்று தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஒரு வருடமாவது இப்படித் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். அதற்காக உதவி கேட்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

இரண்டும் இல்லை, கேம்தான் சலித்துவிட்டது என்றால், மேலே படியுங்கள்.

ஒரு வாரக் கணக்கு

எதையும் அழிப்பதற்கு முன்னால் ஒரு வாரம், கேமைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘எதற்காகத் திறந்தேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். மொபைல் நோட்ஸில் போதும். எத்தனை மணி நேரம் ஆடினோம் என்பது வேண்டாம், காரணம் மட்டும். நேர்மையாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

என்னுடைய வாரத்தில் ஒன்பது வரிகள் இருந்தன. ஆறில் ‘டெய்லி குவெஸ்ட் முடியப்போகிறது’ (கேம் தினமும் கொடுக்கும் வேலை, அன்றைக்குள் முடிக்க வேண்டும்). இரண்டில் ‘கில்டில் ஆள் பத்தவில்லை’. ஒன்றே ஒன்றில்தான் ‘ஆடணும்போல இருந்தது’. அந்த ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை மதியம், நெட் போயிருந்தபோது, ஆஃப்லைனில் ஆடிய ஒரு பழைய கார் ரேஸ்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு விளையாட்டு சலிக்கவில்லை. யாருக்கோ தினமும் அட்டெண்டன்ஸ் போட்டுப்போட்டுத்தான் சலித்துப்போயிருக்கிறது.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நர்சரிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் எதுவும் இல்லாமல் பேனாக்களை மட்டும் வகுப்பில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். பரிசை எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. அந்தச் சான்றிதழின் பெயர் ‘நல்ல ஆட்டக்காரர் விருது’. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் கேம் ஆடப் பழகியபோது ஒன்றைச் செய்து முடித்தால் கிடைக்கிற அச்சீவ்மென்ட், டிராஃபி போன்ற பதக்கங்கள் எதுவும் கிடையாது. எக்ஸ்பாக்ஸில் அது வந்தது 2005-இல், பிளேஸ்டேஷனில் 2008-இல். அதற்கப்புறம் நானும் ஒரு நல்ல ஆட்டக்காரர் ஆகிவிட்டேன்.

பழியை முழுக்க கேம்கள் மேல் போடவும் முடியாது. ஸ்டார்டியூ வேலி என்று ஒரு விவசாய கேம், 2016-இல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்தது. அதில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். விதைக்கலாம், மீன் பிடிக்கலாம், மழையில் சும்மா நிற்கலாம். நான் என்ன செய்தேன்? எக்செல் ஷீட் போட்டேன். பார்ஸ்னிப் 4 நாள், காலிஃபிளவர் 12 நாள், பருவத்துக்கு 28 நாள், எதை எத்தனை தடவை அறுத்தால் லாபம் என்று. இரண்டாவது வாரம், ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்று கேமை மூடிவிட்டு அந்த நாளைத் திரும்ப ஆடினேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே எனக்கு ஒரு மேனேஜரை வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

ஸ்ட்ரீக்கை உடைப்பது

ஆகவே முதலில் போக வேண்டியது கேம் இல்லை, தினசரிக் கடமைகள். டெய்லி குவெஸ்ட், லாகின் போனஸ், பேட்டில் பாஸ், சீசன் ரேங்க் எல்லாம் இதில் வரும். ‘இன்று வராவிட்டால் இழப்பாய்’ என்று சொல்லும் எதுவும்.

எடுத்த எடுப்பில் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். நான் இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் நான்காவது நாளே திரும்ப ஏற்றினேன். முதலில் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள்: மொபைலில், கம்ப்யூட்டரில், டிஸ்கார்டில், மெயிலில். நாலு இடத்திலும். ஒன்றை விட்டால்கூட அந்த ஓட்டை வழியாக வந்துவிடும். அப்புறம் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு ஸ்ட்ரீக்கை, அதாவது ஒரு நாள்கூட விடாமல் வந்த கணக்கை, வேண்டுமென்றே உடையுங்கள். தவறிப்போய் உடைந்தால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். தெரிந்தே உடைத்தால் விஷயமே வேறு.

என்னுடையது 611 நாள் ஸ்ட்ரீக். கேமில் புது நாள் தொடங்கும் ரீசெட் அதிகாலை நான்கு மணிக்கு. படுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், தூக்கம் வரவில்லை. மூன்று ஐம்பதுக்கு எழுந்து தண்ணீர் குடித்தேன். கை தானாக மொபைலை எடுத்தது. கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். 3:58. 3:59. நான்கு ஆனது. எதுவும் நடக்கவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தபோது பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல மனது அந்த எண்ணைத் தேடியது. ஒரு வாரம் இருந்தது அது. அப்புறம் போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. ஒரு மாதம் கழித்து, ‘திரும்பி வாருங்கள், உங்களுக்காகப் பரிசுகள் காத்திருக்கின்றன’ என்று அந்த கேமிலிருந்து மெயில் வந்தது. பட்டியலைப் பார்த்தேன். 611 நாளும் விடாமல் வந்தபோது ஒரு மாதத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

ஆட்களை எப்படி விடுவது

கில்டு, கிளான் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி. சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். மற்றவர்களுக்கும் சிரமம், உங்களுக்கும் பல மாதம் உறுத்தும். நீளமான பிரியாவிடைக் கடிதமும் வேண்டாம், அது பதிலுக்கு ஆறுதல் கேட்கிற கடிதமாகிவிடும். நான் அனுப்பியது இவ்வளவுதான்: ‘வெள்ளிக்கிழமையோடு தலைவர் பொறுப்பை விடுகிறேன். களைத்துவிட்டேன், யார் மேலும் கோபமில்லை. யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?’ காரணத்தை விளக்க ஆரம்பித்தால் பேரம் ஆரம்பித்துவிடும். ‘வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வா’ என்பார்கள், நீங்களும் போவீர்கள்.

அதன்பின் நான் செய்த தவறு, ஆடிக்கொண்டே எல்லோரும் பேசுகிற வாய்ஸ் சேனலிலிருந்தும் விலகியது. பத்து நாள் கழித்து ஒருவன் போன் செய்தான். “மச்சி, கேம்தான வேணாம்னு சொன்ன? எங்களையும் வேணாம்னா சொன்ன?” சரிதானே. இப்போது வாரம் ஒரு நாள் போய் உட்காருகிறேன். அவர்கள் ஆடுவார்கள், நான் துணி மடித்துக்கொண்டே பேசுவேன். நாற்பது பேரில் நான்கு பேர்தான் கேம் இல்லாமலும் மிஞ்சினார்கள். அது எனக்கு நஷ்டமாகப் படவில்லை.

இடைவெளி

எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். ‘முப்பது நாள் சவால்’ என்று வைத்தால் அதுவும் ஒரு ஸ்ட்ரீக்தான். தேதி போடாமல் நிறுத்துங்கள்.

கேமுக்குப் பதில் மொபைலில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வு இல்லை, களைப்பு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கைக்கு வேலை கொடுக்கிற, முடிந்தது என்று கண்ணால் பார்க்கிற ஏதாவது ஒன்று நல்லது. நான் சைக்கிள் செயின் மாற்றப் பழகினேன். முதல் தடவை தப்பாகக் கோத்து, இருபது அடி போவதற்குள் கழன்றது. நல்லவேளை, அதற்கு ரேங்க் கிடையாது. தூக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவு ஒரு மணிக்குப் படுத்துக்கொண்டிருந்தவன் பதினொன்றுக்குப் படுக்க ஆரம்பித்த பிறகுதான், சலிப்பில் பாதி வெறும் தூக்கமின்மை என்று தெரிந்தது.

இப்போது அன்இன்ஸ்டால் செய்யலாம். ஆன்லைன் கேம்களில் உங்கள் கணக்கு பெரும்பாலும் சர்வரிலேயே இருக்கும், பயமில்லை. தனியாக ஆடும் கேம்களில் கிளவுட் சேவ் (ஆடிய கணக்கை இணையத்தில் சேமிக்கும் வசதி) உண்டா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். எல்லா கேமிலும் அது கிடையாது. இல்லையென்றால் சேவ் ஃபைலை எங்காவது நகல் எடுத்து வையுங்கள். நூறு மணி நேரப் பயணத்தை ஒரு கோபத்தில் அழிக்க வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் எதுவும் வாங்காதீர்கள். தள்ளுபடி வரும்போது கை அரிக்கும். புதிதாக ஒன்று வாங்கினால் பழைய ஆசை வந்துவிடும் என்று தோன்றும். வரும், டவுன்லோடு முடியும்வரை இருக்கும். மீறி வாங்கிவிட்டால், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தீர்களா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். லைப்ரரியில் ஐந்தை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறைத்துவிடலாம், அதற்கு வசதி இருக்கிறது. முடிக்காத கேம் கடன் அல்ல. எனக்கு 214-இல் 209 மறைந்தபோது வீட்டை ஒட்டடை அடித்ததுபோல இருந்தது.

திரும்பி வருவது

நான் திரும்பி வந்தது அக்கா மகனால். எட்டு வயது. ஒருநாள் வீட்டுக்கு வந்தவன், ஒரு பெரிய திறந்தவெளி கேமைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டான். கொடுத்தேன். குதிரையில் ஏறினான், நேரே ஆற்றுக்குள் விட்டான்.

“மாமா, இந்தக் குதிரை நீந்துமா?”

எனக்குத் தெரியவில்லை. அந்த கேமில் நான் தொண்ணூறு மணி நேரம் ஆடியிருந்தேன். “மஞ்சள் குறி காட்டுதுல்ல, அங்க போடா” என்றேன்.

“அங்க எதுக்கு?”

முக்கால் மணி நேரம் குதிரையை ஆற்றில் விட்டு விட்டு எடுத்தான். ஒரு குவெஸ்ட்கூட முடிக்கவில்லை. அவன் போன பிறகு கண்ட்ரோலரை எடுத்து, குறிகளையும் திரையோரத்துக் குட்டி வரைபடமான மினிமேப்பையும் செட்டிங்ஸில் அணைத்துவிட்டு, அந்த ஆற்றோரமாகவே நடந்தேன். அன்றைக்கு எழுதியிருந்தால், ‘ஆடணும்போல இருந்தது’ என்றுதான் எழுதியிருப்பேன்.

உங்களுக்கும் அந்த அரிப்பு வந்தால் பெரிய கேமில் குதிக்காமல் சின்னதாக ஒன்றில் தொடங்குங்கள். 2007-இல் வந்த போர்ட்டல் என்ற கேம் இரண்டு மூன்று உட்காரலில் முடிந்துவிடும். முடிகிறது என்பதே ஒரு ருசி. டிராஃபி அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். கைடு பார்க்காதீர்கள். கஷ்டமாக இருந்தால் ஈஸியில் போடுங்கள், வெட்கம் எதற்கு? கடினத்துக்குப் பேர்போன செலஸ்ட் கேமிலேயே, ஆட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைக்கிற வசதியை உருவாக்கியவர்களே வைத்திருக்கிறார்கள். பழைய சேவுக்குத் திரும்புவதானால் முதல் இருபது நிமிடம் கதையைத் தொடாமல், சண்டையில்லாத இடத்தில் சும்மா சுற்றிப் பட்டன்களை அமுக்கிப் பாருங்கள். விரல்களுக்குத்தான் முதலில் ஞாபகம் வரும்.

வராமலே போகலாம். என் கில்டு நண்பன் ஒருவன் இப்போது கேம் தொடுவதில்லை, இரவில் புல்லாங்குழல் கற்கிறான், சுமாராகத்தான் வாசிக்கிறான். அவனை யாரும் குணப்படுத்தத் தேவையில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நீண்ட நாள் தொடப்போவதில்லை என்றால் கண்ட்ரோலரில் இருக்கும் ஏஏ பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள், கசிந்து காண்டாக்ட்டை அரித்துவிடும். எனக்கு ஒன்று அப்படித்தான் போனது.