சிராகூசாவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: காலையில் கல், பிற்பகலில் கடல்

"யுரேகா" என்று கத்திக்கொண்டு குளியல் தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடிய ஆர்க்கிமிடிஸை நம் எல்லோருக்கும் தெரியும். அது எந்த ஊர்த் தெரு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்குக் கரையில் இருக்கிற சிராகூசாதான் அந்த ஊர். பாடப்புத்தகத்தில் சிராக்கியூஸ் என்று படித்திருப்போம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர்கள் வந்து குடியேறிய இடம். ஒரு காலத்தில் ஏதென்ஸையே போரில் தோற்கடித்த ஊர். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

வெளிநாட்டுப் பயணமே இதுதான் முதல் தடவை என்பவர்களை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். நான் முதல் தடவை போனபோது அதைத் தலைகீழாகச் செய்தேன்: காலையில் கடல், உச்சிவெயிலில் இடிபாடுகள். அன்று மாலை தலைவலி மாத்திரைதான் சாப்பாடு.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. இதற்குள் அடக்கிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் கடல் கொஞ்சம் சில்லென்று இருக்கும். செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர், கூட்டமும் குறைவு. குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பர்.

ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம். "வேலூர் வெயில் பார்த்தவனுக்கு ஐரோப்பிய வெயில் என்ன செய்யும்?" என்று நானும் கேட்டவன்தான். சிராகூசாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃப்ளோரிடியாவில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவில் இதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். போதாததற்கு ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை. நாடே கடற்கரையில் இருக்கும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

நாள் கணக்கு: மூன்று இரவு. ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இந்த ஊரின் மாலைப்பொழுதைத் தவறவிடுகிறார்கள்.

படி 2: விசா, டிக்கெட்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள் என்று விதி சொன்னாலும் அதை நம்பி இருக்காதீர்கள். கோடைக்கு நேர ஒதுக்கீடு கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பல நாடுகள் சுற்றுவதாக இருந்தால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சிராகூசாவில் விமான நிலையம் கிடையாது. கட்டானியாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். விமான நிலைய வாசலிலேயே பஸ் கிடைக்கும், ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து விடும். ரயிலும் உண்டு. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை அடித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளூர் பஸ் டிக்கெட்டை 'தபாக்கி' என்ற பெட்டிக்கடையில் வாங்கலாம். பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும்.

படி 3: ஒர்டீஜாவுக்குள் தங்குங்கள்

சிராகூசா இரண்டு துண்டு. பெருநிலத்தில் இருப்பது சாதாரண நவீன ஊர். பாலம் தாண்டினால் ஒர்டீஜா, ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள குட்டித் தீவு. பழைய நகரம் இதுதான். இதற்குள் அறை எடுத்தால் எல்லாமே நடந்துபோகும் தூரம். இரவு வாடகையோடு ஆளுக்கு இத்தனை என்று நகராட்சிச் சுற்றுலா வரியும் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, சட்டப்படிதான்.

கார் வாடகைக்கு எடுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ஒர்டீஜாவின் பெரும்பகுதி 'இசட்.டி.எல்', அதாவது உள்ளூர் வாகனங்களுக்கு மட்டும் அனுமதி உள்ள பகுதி. நுழைவில் கேமரா இருக்கும், மடக்கி நிறுத்த ஆள் இருக்க மாட்டார். நீங்கள் ஊர் திரும்பி எல்லாவற்றையும் மறந்த பிறகு அபராதச் சீட்டு வந்து சேரும்.

படி 4: முதல் மாலை, ஒரு சுவரின் முன்னால்

பெட்டியை வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புங்கள். பாலம் தாண்டியதும் வருவது அப்பல்லோ கோயிலின் மிச்சம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. சிசிலியில் கல்லால் கட்டிய டோரிக் என்ற கிரேக்கப் பாணிக் கோயில்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. கம்பி வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம், பத்து நிமிடம் போதும். கிரேக்கக் கோயில், பிறகு பைசாந்திய தேவாலயம், பிறகு மசூதி, பிறகு நார்மன் தேவாலயம், பிறகு ஸ்பானியப் படைமுகாம். ஒரே அடித்தளம், ஐந்து குடித்தனம்.

அங்கிருந்து உள்ளே நடந்தால் பேராலயச் சதுக்கம். முழுக்க வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல் பாவிய தரை. பல நூற்றாண்டுக் காலடி பட்டு வழுவழுப்பாகிவிட்டது, மழை பெய்தால் கவனம். எல்லோரும் பேராலயத்தின் முகப்பைப் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். 1693 பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி முகப்பு, அழகுதான். ஆனால் நீங்கள் முகப்பை விட்டுவிட்டு அதன் இடப்பக்கமாகத் திரும்பும் மினெர்வா தெருவுக்குள் நுழையுங்கள்.

பக்கச் சுவரில் பெரிய பெரிய தூண்கள் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவை சர்ச்சுக்காகச் செதுக்கியவை அல்ல. கி.மு. 480இல் ஹிமேரா போரில் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை வென்ற கெலோன் என்ற ஆட்சியாளன் கட்டிய அதீனா கோயிலின் தூண்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அதைத் தேவாலயமாக மாற்றியவர்கள் எதையும் இடிக்கவில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கல்வைத்து அடைத்தார்கள். உள்ளே கருவறைச் சுவரை வளைவு வளைவாக வெட்டித் திறந்தார்கள். வெளிப்புறம் சுவரானது, உள்புறம் மண்டபமானது. வேலை முடிந்தது.

சிறு கட்டணம் கட்டி உள்ளே போய் ஒரு தூணின் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். உள்ளங்கையை வைத்தால் சொரசொரவென்று, வெளியே வெயில் கொளுத்தினாலும் குளிர்ந்திருக்கும். செங்குத்தாக ஓடும் பள்ள வரிகளில் விரலை விட்டுப் பாருங்கள். எதிரே பூசை நடந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய 2,500 வருடமாகச் சாமி மட்டும் மாறி, கும்பிடுவது நிற்காத கட்டடம். மற்ற ஊர்களில் இடிபாடு என்றால் வேலிக்குள் கிடக்கும் கல். இங்கே கல்லை வேலையை விட்டு நிறுத்தவே இல்லை. இதை முதல் நாளே பார்த்துவிட்டால் மறுநாள் பார்க்கப்போகும் இடிபாடுகளும் வேறு மாதிரி தெரியும்.

(தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டைக்காரர்கள் பையில் ஒரு லுங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடற்கரையிலும் உதவும்.)

இருட்டுவதற்கு முன் கடலோரமாக இறங்கினால் அரெத்தூசா ஊற்று. கடலுக்கு ஒட்டினாற்போல் பொங்கும் நன்னீர். வாத்துகள் நீந்தும், நடுவில் பாப்பிரஸ் புதர். எகிப்தியர்கள் எழுதப் பயன்படுத்திய அதே செடி. பத்தமடைப் பாய் நெய்கிற கோரையும் இதுவும் ஒரே பேரினம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கிறது. ஆற்றுத் தேவன் அல்ஃபேயஸ் துரத்த, கிரேக்கத்திலிருந்து கடலடியில் ஓடிவந்து இங்கே ஊற்றாக எழுந்தாள் அரெத்தூசா என்பது புராணம். சூரியன் மறைவது இந்தப் பக்கம்தான்.

படி 5: இரண்டாம் நாள் காலை, நியாபொலிஸ்

நியாபொலிஸ் என்ற தொல்லியல் பூங்கா பெருநிலத்துப் பக்கம். ஒர்டீஜாவிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நடை. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல செருப்பு.

கிரேக்கத் திறந்தவெளி அரங்கம் முதலில். பாறையை அப்படியே குடைந்து செய்த படிக்கட்டு இருக்கைகள். விட்டம் ஏறக்குறைய 138 மீட்டர். நாடக ஆசிரியர் எஸ்கிலஸ் தன் நாடகத்தை நடத்திய ஊர் இது. 1914இல் தொடங்கிய கிரேக்க நாடக விழா இன்றும் மே, ஜூன் மாதங்களில் இங்கே நடக்கிறது. இத்தாலிய மொழியில்தான் பேசுவார்கள், புரியாவிட்டாலும் அந்தியில் உட்கார்ந்து பார்க்கலாம், கதையை முன்னாலேயே படித்துக்கொண்டு போங்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: விழாக் காலத்தில் கல் இருக்கைகளைப் பலகையால் மூடிவிடுவார்கள். கல்லையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்குச் செப்டம்பர்தான்.

அடுத்து கீழே இறங்கினால் கல்குவாரி. இன்று எலுமிச்சை மரமும் நிழலுமாக இருக்கிறது. கி.மு. 413இல் தோற்றுப்போன ஏதென்ஸ் படையின் சுமார் 7,000 பேரை இந்த ஊர்க் கல்குவாரிகளில்தான் அடைத்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் அளவு தானியம் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். யூரிப்பிடிஸின் நாடக வரிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் சிலர் அதனாலேயே பிழைத்தார்கள் என்கிறார் புளூட்டார்க்.

'டயோனிசியஸின் காது' என்னும் குகை அங்கேயே. 23 மீட்டர் உயரம், உள்ளே போகப் போக வளையும். கைதிகள் கிசுகிசுப்பதை இந்த ஊரை ஆண்ட கொடுங்கோலன் டயோனிசியஸ் மேலிருந்து ஒட்டுக்கேட்டான் என்ற கதை சுவையானது, ஆனால் பெயர் வைத்ததே 1608இல் வந்த ஓவியர் கரவாஜ்ஜோ. கூட்டம் வருவதற்கு முன் போனால் ஒரு தடவை மெதுவாகக் கைதட்டிப் பாருங்கள். நான் காகிதத்தைக் கிழித்தேன், துணி கிழிவதுபோல் சுவரெல்லாம் கேட்டது.

ரோமானிய வட்டரங்கமும் ஹீரோன் மன்னனின் பலிபீடமும் போகிற வழியில். பலிபீடம் மட்டும் ஏறக்குறைய 200 மீட்டர் நீளம். 'ஆர்க்கிமிடிஸ் கல்லறை' என்று காட்டுவார்கள், அது ரோமானியர்களுடையது. உண்மையான கல்லறையை கி.மு. 75இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ முட்புதருக்குள் தேடிக் கண்டுபிடித்தார், கோளமும் உருளையும் செதுக்கியிருந்ததை வைத்து. பிறகு அது மறுபடி தொலைந்துபோனது.

படி 6: பிற்பகல், கடல்

மதியம் ஒன்று முதல் நான்கு வரை அறையில் படுத்துத் தூங்குங்கள். ஊரும் அதைத்தான் செய்கிறது, கடைகள் சாத்தியிருக்கும்.

பிறகு இரண்டு வழி. ஒர்டீஜாவுக்குள்ளேயே காலா ரோஸ்ஸா என்ற சின்னக் கூழாங்கல் கரை உண்டு. கோடையில் பாறைமேல் மேடை அமைத்து அங்கிருந்தும் இறங்க விடுவார்கள். மணல்தான் வேண்டும், குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் தெற்கே அரெனெல்லா அல்லது ஃபொன்தானே பியான்கே, பஸ்ஸில் போகலாம். குடையும் சாய்வு நாற்காலியும் போட்டிருக்கும் இடம் 'லீதோ', காசு. 'ஸ்பியாஜ்ஜா லீபெரா' என்று எழுதியிருந்தால் இலவசம். துண்டை விரித்து உட்காரலாம்.

பாறைப் பக்கம் இறங்குகிறவர்கள் ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு முள் உருண்டையாகப் பாறையில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலி. வெறுங்காலோடு இறங்கிய எனக்குக் குதிகாலில் நான்கு முள். கரையில் இருந்த ஒரு பாட்டி கைப்பையிலிருந்து புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்து, திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். திட்டு புரியவில்லை, தொனி புரிந்தது.

படி 7: சாப்பாடு

காலையில் பாதாம் 'கிரனித்தா' (பனிக்கட்டிக் கூழ்), கூடவே பிரியோஷ் பன். பாதாம் பக்கத்து ஊரான அவோலாவினுடையது. காப்பியைக் கவுண்டரில் நின்றபடி குடித்தால் விலை குறைவு. இரவு ஏழரைக்கு முன் உணவகம் எதிர்பார்க்காதீர்கள். பில்லில் வரும் 'கோபெர்தோ' ஆளுக்கான இருக்கைக் கட்டணம்.

சைவர்களுக்குப் பஞ்சமில்லை: கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா, புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்க் கூட்டு கபொனாத்தா. 'அராஞ்சினோ' என்ற பொரித்த சோற்று உருண்டையில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். வெண்ணெய் வகை என்று பெயர் இருந்தாலும் உள்ளே பன்றித்தொடை இறைச்சி இருக்கும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே" (கறி இல்லாமல், மீன் இல்லாமல்) என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். கறி வேண்டாம் என்றால் நெத்திலி போட்டுத் தருவார்கள்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் இங்கே கிடைப்பது கடினம். சிசிலியில் ஈழத் தமிழர்கள் பெருமளவு வாழ்வது மறுகோடியில், பலெர்மோவில். அங்கே பெல்லெகிரினோ மலைமேல் இருக்கும் சாந்தா ரோசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதரின் குகைக்கோயிலுக்கு இந்துக்களும் போய்க் கும்பிடுகிறார்கள்.

படி 8: திரும்பும் வழி

காலை விமானம் என்றால் முந்தின இரவே கட்டானியா போய்விடுங்கள். ரோம் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு என் சிபாரிசு சிராகூசாவிலிருந்து கிளம்பும் இரவு ரயில். மெஸ்ஸினாவில் பெட்டிகளைப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்திலேயே தள்ளி ஏற்றுவார்கள். படுக்கை குலுங்கி, இரும்பு மோதும் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள். பெட்டி எண்ணை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கி வரும்போது எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும்.