பழைய போனை முதுகுல கட்டி, எவ்வளவு குனியறாங்கன்னு அளக்கறது எப்படி?

பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்ல, தரையில கெடக்கற அட்டைப்பெட்டிக்குள்ள பீஸ் அடுக்கறவங்ககிட்ட எவ்வளவு நேரம் குனியறீங்கன்னு கேட்டா "நாள் பூரா"ன்னுதான் சொல்லுவாங்க, அந்த நாள் பூராவை நம்பரா காட்டினாதான் ஓனர்கிட்ட டேபிள் கேக்க முடியும். விலை கூடின சென்சார் எதுவும் வேணாம், போன்லயே ஆக்சிலரோமீட்டர் (அசைவையும் புவியீர்ப்பையும் அளக்கற சென்சார்) இருக்கு.

முதல்ல போன்ல ஃபைஃபாக்ஸ் (phyphox) ஆப் போடுங்க. ஜெர்மனி ஆஃகன் யுனிவர்சிட்டில பண்ணது, ஃப்ரீ. அதுல "ஆக்சிலரேஷன் வித் ஜி" எடுங்க, "வித்அவுட் ஜி" எடுத்தா வேலைக்காகாது, புவியீர்ப்பு எந்தப் பக்கம்ங்கறத வெச்சுத்தான் கோணமே கண்டுபிடிக்கறோம்.

அடுத்து, பேக்கிங்ல நீங்க அளக்கப்போற அக்காகிட்ட பேசுங்க. இது புரொடக்‌ஷன் கணக்கு இல்ல, பேர் எங்கயும் வராதுன்னு சொல்லி, அவங்க சரின்னா மட்டும் கட்டுங்க. சூப்பர்வைசரை விட்டு சொல்லச் சொல்லாதீங்க, பயந்துக்கிட்டு அன்னிக்குன்னு பாத்து ஒழுங்கா நிமிந்து நின்னு வேலை செய்வாங்க!

கட்டற எடம் ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல. போனோட மேல்முனை மேல்பக்கமா, ஸ்கிரீன் வெளிப்பக்கமா இருக்கணும். நான் முதல் தடவை இடுப்பு பெல்ட்ல மாட்டிட்டேன், ஆள் நல்லா வளையறார் ரீடிங் பாதிகூட வரல, ஏன்னா முதுகு வளையறது இடுப்புக்கு மேலதானே. நல்ல அகலமான எலாஸ்டிக்கா பாத்து இறுக்குங்க, அதுக்கு அங்க பஞ்சமே இல்ல.

ஸ்டார்ட் பண்ணி 10 செகண்ட் நேரா நிக்கச் சொல்லுங்க, அப்புறம் மூணு தடவை குனிஞ்சு நிமிரணும், இதை வீடியோவும் எடுங்க. கிராஃப்ல அந்த மூணு மேடு தெரியும், வீடியோவோட பொருத்திக்கலாம். 20 நிமிஷம் போதும். செகண்டுக்கு 100 ரோவுக்கு (வரிசை) மேலயும் வரும்ங்கறதால ஷிஃப்ட் முழுக்க எடுத்தா எக்ஸெல்ல அடங்காது.

ஆப்ல பதிவானதை எக்ஸெலுக்கு எடுத்துட்டு, கோணம் கண்டுபிடிக்க டிகிரீஸ் (DEGREES) ஃபங்ஷனுக்குள்ள ஏடான்2 (ATAN2), அதுக்குள்ள ஒய் (போனோட நீளவாக்கு ரீடிங்) முதல்ல, இசட் (ஸ்கிரீன் பாக்கற பக்கத்து ரீடிங்) அப்புறம். நேரா நின்ன 10 செகண்டோட சராசரியை எல்லாத்துலயும் கழிச்சிருங்க. நடக்கும்போது வர்ற குலுக்கல் போக, ஒரு செகண்டுக்குள்ள வர்ற ரோ எல்லாத்துக்கும் சராசரி போட்டுக்கங்க.

இப்ப 20 டிகிரிக்கு மேல எத்தனை சதவீதம், 60க்கு மேல எத்தனைன்னு எண்ணுங்க. வேலை செய்யும்போது உடம்பு இருக்கற நிலைக்கு மார்க் போடற, 1993ல வந்த ரூலா (RULA) முறையில உடம்பு முன்பக்கம் 20லேர்ந்து 60 வரைக்கும் சாஞ்சா 3 மார்க், 60 தாண்டினா 4, மார்க் ஏற ஏற ரிஸ்க். ஆனா தூக்கற எடையும் உடம்பைத் திருகறதும் இந்த நம்பர்ல வராது, அதை வீடியோ பாத்து தனியா எழுதிக்கங்க.

அப்புறம் பெட்டிக்கு அடியில ரெண்டு காலி பேலட் போட்டு, அதே அக்காவை அதே வேலையில இன்னொரு 20 நிமிஷம் எடுங்க. ஓனர்கிட்ட போகும்போது ரெண்டு சதவீதமும் ஒரே பேப்பர்ல இருக்கட்டும்.